ஆக்சிஜன் என்ற தப்பான பெயர்

வேதியியல் புத்தகத்தைத் திறந்தால் சல்பேட், சல்பைட், சல்பைடு என்று மூன்று சொற்கள் வரிசையாக வந்து நிற்கும். கடைசி எழுத்து மாறினால் பொருளே மாறிவிடும், கூடவே மதிப்பெண்ணும் போய்விடும். இதையெல்லாம் எந்தப் புண்ணியவான் கண்டுபிடித்தான் என்று பல்லைக் கடிக்காத மாணவர் இருக்க முடியாது.

அப்படிப் பல்லைக் கடித்தவர்களில் ஒரு பெரிய மனிதரும் உண்டு. தாமஸ் ஜெபர்சன். அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தை எழுதியவர், பின்னாளில் அந்த நாட்டின் மூன்றாவது ஜனாதிபதி. 1788 ஜூலையில் அவர் பாரிஸில் அமெரிக்கத் தூதராக இருந்தார். ஊரில் இருந்த ஒரு கல்லூரித் தலைவருக்கு அவர் எழுதிய கடிதத்தில் பாரிஸ் அறிவியல் செய்திகளும் வருகின்றன. லவாய்சியர் என்பவர் வேதியியலுக்குப் புதுப்பெயர் சூட்டக் கிளம்பியிருக்கிறார், இது அவசரப்பட்ட வேலை, ஒரே ஒரு சோதனை போதும், இந்தப் பெயர் வரிசை முழுவதும் கவிழ்ந்துவிடும் என்கிறார் ஜெபர்சன். நாம் முழித்த அதே சல்பேட், சல்பைட் பட்டியலைத்தான் அவரும் சொல்கிறார். அதற்கு அவர் வைத்த பெயர் 'ஜார்கன்'. (பழைய பிரெஞ்சில் இந்தச் சொல்லுக்குப் பறவைகளின் கீச்சுச் சத்தம் என்று பொருள். பொருத்தம்தான்.)

இதில் வேடிக்கை என்னவென்றால், ஜெபர்சன் சொன்ன அந்த ஒரே ஒரு சோதனை 22 வருடம் கழித்து நிஜமாகவே நடந்தது. பட்டியலின் தலைமகனான ஆக்சிஜன் என்ற பெயரே தப்பு என்று நிரூபணமும் ஆனது. ஆனால் எதுவும் கவிழவில்லை. ஆக்சிஜனும் இருக்கிறது, சல்பேட்டும் இருக்கிறது. ஏன் என்று பார்க்கப் போனால் கதை பாரிஸில் ஆரம்பித்து லண்டன் வழியாக நம் பன்னிரண்டாம் வகுப்புப் பாடப்புத்தகம் வரை வருகிறது.

முதலில், புதுப்பெயர் வருவதற்கு முன்னால் என்ன இருந்தது என்று பார்க்க வேண்டும். அது ஒன்றும் எளிய தமிழ் மாதிரி எளிய பிரெஞ்சு இல்லை. கந்தக அமிலத்துக்குப் பெயர் 'விட்ரியால் எண்ணெய்'. ஆண்டிமனியின் குளோரைடுக்குப் பெயர் 'ஆண்டிமனி வெண்ணெய்'. துத்தநாக ஆக்சைடுக்குத் 'துத்தநாகப் பூ'. ஈய அசிடேட் 'ஈயச் சர்க்கரை'. பொட்டாசியமும் கந்தகமும் சேர்ந்த ஒரு கலவைக்குக் 'கந்தக ஈரல்'. சமையல்கட்டில் நுழைந்துவிட்டோமோ என்று சந்தேகம் வரும். இது போதாதென்று ஆளின் பெயர், ஊரின் பெயர் வேறு. கிளாபர் என்பவர் கண்டுபிடித்த உப்பு கிளாபர் உப்பு, எப்சம் என்ற ஊரின் ஊற்றுநீரில் கிடைத்தது எப்சம் உப்பு. அல்காரோத் பொடி என்று ஒன்று, வெரோனா நகர வைத்தியர் ஒருவரின் பெயரால் வந்தது.

லவாய்சியருக்கு இந்தப் பெயர்களைக் கண்டால் எரிச்சல். அந்தப் பொருள்களில் வெண்ணெயும் இல்லை, எண்ணெயும் இல்லை, பூவும் இல்லை, பெரும்பாலும் கொடிய விஷம்தான் இருக்கிறது, பெயரோ ஏதோ பலகாரம் மாதிரி இருக்கிறது என்பது அவர் புகார். ஈயச் சர்க்கரை நிஜமாகவே இனிக்கும், அதுதான் ஆபத்தே.

நம் ஊரிலும் இதே நிலைதான். மயில்துத்தம், அன்னபேதி, படிகாரம் மூன்றும் அழகான பெயர்கள், பழகிய பெயர்கள். ஆனால் முதலாவது தாமிர சல்பேட், இரண்டாவது இரும்பு சல்பேட், மூன்றாவது அலுமினியமும் பொட்டாசியமும் சேர்ந்த சல்பேட். மூன்றும் ஒரே அமிலத்தின் பிள்ளைகள் என்று அந்தப் பெயர்களைப் பார்த்துச் சொல்ல முடியுமா? ஒவ்வொன்றையும் தனித்தனியாக மனப்பாடம் செய்வதைத் தவிர வேறு வழி இல்லை. பழகிய சொல் என்பதால் அது எளிய சொல் ஆகிவிடாது. பழைய ஜார்கன் காதுக்குப் பழகிவிட்டது, அவ்வளவுதான்.

இதை மாற்ற வேண்டும் என்று முதலில் கிளம்பியவர் லவாய்சியர் இல்லை. டிஜோன் நகரத்து வக்கீல் ஒருவர், கிதோன் த மோர்வோ. வக்கீலாக இருந்துகொண்டே வேதியியல் படித்த ஆசாமி. கலைக்களஞ்சியம் ஒன்றுக்கு வேதியியல் பகுதியை எழுத ஒப்புக்கொண்டார். எழுத உட்கார்ந்தால் ஒரே பொருளுக்குப் பல பெயர், ஒரே பெயருக்குப் பல பொருள். அகராதி எழுதுகிறவனுக்குத்தானே இந்த வேதனை தெரியும்! ஸ்வீடனின் பெர்க்மன் லத்தீனில் உப்புகளுக்கு முறைப்படி பெயர் வைக்க முயன்றதைப் பார்த்து, 1782-இல் தன் திட்டத்தை வெளியிட்டார். பொருளின் பெயர் அதில் என்ன இருக்கிறது என்று சொல்ல வேண்டும் என்பது அதன் சாரம்.

1787 தொடக்கத்தில் அவர் பாரிஸ் வந்தார். லவாய்சியர், பெர்த்தொலே, ஃபூர்குருவா ஆகியோருடன் உட்கார்ந்து பேசினார். அதற்கு முன் கிதோன் பழைய கொள்கைக்காரர், பாரிஸில் லவாய்சியர் கட்சிக்கு மாறிவிட்டார். ஏப்ரல் 18 அன்று லவாய்சியர் அறிவியல் கழகத்தில் திட்டத்தைப் படித்தார். அதே வருடம் நால்வர் பெயரிலும் சுமார் 300 பக்கப் புத்தகம் வந்தது. அதில் பெரும்பகுதி பழைய பெயருக்குப் புதுப்பெயர், புதுப்பெயருக்குப் பழைய பெயர் என்ற அகராதி.

முறை இதுதான். பிரிக்க முடியாத பொருளுக்கு ஒரு தனிப்பெயர். இரண்டு சேர்ந்தால் இரண்டின் பெயரும் வர வேண்டும். ஒரே தனிமம் இரண்டு அமிலம் தந்தால் ஆக்சிஜன் அதிகம் உள்ளதற்கு ஒரு விகுதி, குறைவாக உள்ளதற்கு இன்னொரு விகுதி. சல்பியூரிக், சல்பியூரஸ். முதலாவது தரும் உப்பு சல்பேட், இரண்டாவது தரும் உப்பு சல்பைட். அமிலம் இல்லாமல் கந்தகமும் உலோகமும் நேரே சேர்ந்தால் இன்னொரு விகுதி, அதுதான் இன்று ஆங்கில வழியில் நமக்கு சல்பைடாக வந்திருக்கிறது. நமக்கு எரிச்சல் தந்த அந்தக் கடைசி எழுத்துதான் மொத்த வேலையையும் செய்கிறது. தமிழில் வேற்றுமை உருபு மாதிரி. 'ராமனை', 'ராமனுக்கு' என்ற வித்தியாசத்தை யாரும் ஜார்கன் என்று சொல்வதில்லை.

அறிவியல் கழகம் ஒரு குழு போட்டது. அதில் இருந்தவர்கள் பழைய பள்ளிக்காரர்கள். புத்தகத்தை அச்சிடலாம், ஆனால் காலம் சோதித்துச் சொல்லட்டும் என்கிற தோரணையில் ஜாக்கிரதையாக அறிக்கை கொடுத்தார்கள். அவர்களுடைய தயக்கத்தில் நியாயம் இருந்தது. அது சொல் புரியவில்லை என்ற தயக்கம் மட்டும் இல்லை.

அந்தக் காலத்தில் எரிதல் என்றால் என்ன என்பதில் பெரிய சண்டை நடந்துகொண்டிருந்தது. ஒரு பொருள் எரியும்போது அதிலிருந்து 'புளோஜிஸ்டான்' வெளியேறுகிறது என்பது ஜெர்மானியர் ஸ்டால் பரப்பிய கொள்கை. (புளோஜிஸ்டானும் கிரேக்கத்திலிருந்து செய்த சொல்தான். அதற்கு யாரும் இவ்வளவு கோபப்பட்டதாகத் தெரியவில்லை.) இல்லை, காற்றில் உள்ள ஒரு வாயு அந்தப் பொருளோடு சேர்கிறது, அதனால்தான் உலோகம் எரிந்தால் எடை கூடுகிறது என்றார் லவாய்சியர். 1774-இல் இங்கிலாந்தில் பிரீஸ்ட்லி அந்த வாயுவைப் பிரித்து எடுத்திருந்தார். அவர் வைத்த பெயர் 'புளோஜிஸ்டான் நீக்கிய காற்று'. லவாய்சியர் வைத்த பெயர் ஆக்சிஜன். கிரேக்கத்தில் 'அமிலத்தைப் பிறப்பிப்பது' என்று பொருள். கந்தகத்தை எரித்தால் அமிலம் வருகிறது, பாஸ்பரஸை எரித்தால் அமிலம் வருகிறது, கார்பனும் அப்படியே. ஆகவே எல்லா அமிலத்துக்கும் அடிப்படை இந்த வாயுதான் என்பது அவர் முடிவு.

இப்போது பாருங்கள். பிரீஸ்ட்லி சொன்ன பெயரைச் சொன்னால் பிரீஸ்ட்லி கட்சி. ஆக்சிஜன் என்றால் லவாய்சியர் கட்சி. நடுவில் நிற்க இடமே இல்லை. அந்த வாயுவைப் பற்றி வாயைத் திறந்தாலே ஓட்டுப் போட்டதாக ஆகிவிடும். ஹைட்ரஜன் என்று சொன்னால் தண்ணீர் ஒரு தனிமம் இல்லை, அதைப் பிறப்பிக்கிற வாயு இது என்று ஒப்புக்கொண்டாயிற்று. வாதம் செய்து ஜெயிக்க வேண்டியதை அகராதி போட்டு ஜெயிக்கப் பார்க்கிறார்கள் என்று எதிராளிகளுக்குத் தோன்றியது. எனக்கும் அது நியாயமான கோபமாகவே படுகிறது. 1787 செப்டம்பரில் கேவண்டிஷ் ஒரு நண்பருக்கு எழுதிய கடிதத்தில், இந்தப் பெயர்கள் நடைமுறைக்கு வரும் என்று தாம் நினைக்கவில்லை, ஆனால் பெயர் சூட்டும் வெறியை இது இன்னும் கிளப்பிவிடும் என்று கவலைப்படுகிறார். ஹைட்ரஜனை 1766-லேயே ஆராய்ந்து விவரித்தவர் அவர். 'எரியும் காற்று' என்று கண்ணால் பார்த்ததைப் பெயராக வைத்தவர். அவருக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்? பிரீஸ்ட்லியோ கடைசி வரை மாறவே இல்லை. அமெரிக்காவுக்குக் குடியேறிய பிறகு 1800-இல்கூடப் புளோஜிஸ்டானை நிலைநாட்டிப் புத்தகம் எழுதினார். லவாய்சியர் அதைப் பார்க்க உயிரோடு இல்லை. வரி வசூல் நிறுவனத்தில் பங்காளியாக இருந்த குற்றத்துக்காக 1794 மே 8 அன்று கில்லட்டினில் தலை போனது.

புதுப்பெயர்களில் ஒன்று முழுப் பொய். வெப்பம் என்பது ஒரு பொருள், எடையில்லாத திரவம் மாதிரி பாய்கிறது என்று நினைத்து அதற்குக் 'கலோரிக்' என்று பெயர் வைத்தார்கள். 1789-இல் லவாய்சியர் வெளியிட்ட தனிமப் பட்டியலில் 33 பெயர்கள், அதில் ஒளியும் உண்டு, கலோரிக்கும் உண்டு. அப்படி ஒரு பொருளே உலகத்தில் இல்லை. சொல் செத்துவிட்டது. பிஸ்கட் பாக்கெட்டின் பின்னால் இருக்கும் கலோரி அதே லத்தீன் வேரில் பிறந்த உறவுக்காரச் சொல்.

சரி, அந்த ஒரே ஒரு சோதனைக்கு வருவோம்.

கடல் உப்பிலிருந்து கிடைக்கும் அமிலத்துக்கு மியூரியாட்டிக் அமிலம் என்று பெயர். அது அமிலம், ஆகவே அதில் ஆக்சிஜன் இருந்தே தீர வேண்டும். அதிலிருந்து கிடைக்கும் பச்சை வாயுவில் இன்னும் அதிக ஆக்சிஜன் இருக்க வேண்டும் என்று நினைத்து அதற்கு 'ஆக்சிமியூரியாட்டிக் அமிலம்' என்று பெயர். உண்மையில் சந்தேகம் நால்வருக்குள்ளேயே முளைத்தது. பெயர்ப் புத்தகம் வந்த அதே 1787-இல், நால்வரில் ஒருவரான பெர்த்தொலே, புரூசிக் அமிலத்தில் ஆக்சிஜனைக் காணோம் என்று கண்டார். ஆனாலும் பெயர் பெயராகவே இருந்தது.

லண்டனில் ஹம்ப்ரி டேவி அந்தப் பச்சை வாயுவை விடாமல் துரத்தினார். ஆக்சிஜனைப் பிடுங்குவதில் கரிக்கு நிகர் இல்லை. பாட்டரியின் மின்சாரத்தால் கரியைப் பழுக்கக் காய்ச்சி அந்த வாயுவுக்குள் வைத்துப் பார்த்தார். ஒன்றும் வரவில்லை. பிரான்சில் கே-லுசாக்கும் தெனாரும் முயன்று அவர்களுக்கும் ஒன்றும் வரவில்லை, ஆனால் அவர்கள் பழைய கொள்கையை விட மனமில்லாமல் இருந்தார்கள். டேவி 1810-இல் துணிந்து சொன்னார்: இதில் ஆக்சிஜனே இல்லை, இது ஒரு தனிமம். அப்படியானால் உப்பு அமிலத்தில் இருப்பது ஹைட்ரஜனும் இந்த வாயுவும் மட்டும். ஆக்சிஜன் இல்லாத அமிலம்! ஆக்சிஜன் என்ற பெயரின் அர்த்தம் அன்றைக்குப் பொய்த்துப் போனது.

டேவி அந்த வாயுவுக்கு வைத்த பெயர் குளோரின். கிரேக்கத்தில் வெளிர்பச்சை நிறத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து எடுத்தது. ஏன் இப்படி என்பதற்கு அவரே காரணம் சொன்னார். கண்ணுக்குத் தெரியும் நிறத்தை வைத்துப் பெயர் வைத்தால், நாளைக்கு யார் எதைக் கண்டுபிடித்தாலும் பெயர் தப்பாகாது. கொள்கை மாறும், பச்சை மாறாது. லவாய்சியரின் பாடம் இவருக்கு நன்றாக ஏறியிருந்தது.

ஆக்சிஜன் மட்டும் எப்படித் தப்பித்தது? எனக்குத் தோன்றும் காரணம் இதுதான். 1810-க்குள் அந்தச் சொல்லுக்குள் இருந்த கிரேக்கம் யார் காதிலும் விழவில்லை. சொல்லைக் கேட்டால் அந்த வாயு நினைவுக்கு வந்தது, அமிலம் நினைவுக்கு வரவில்லை. வேலுச்சாமி என்றால் ஆளைத்தானே நினைக்கிறோம், கையில் வேல் இருக்கிறதா என்று பார்ப்பதில்லையே. சல்பேட், சல்பைட் தப்பியதற்குக் காரணம் வேறு. அவை கொள்கையைச் சொல்லவில்லை, எடை போட்டுப் பார்த்த சேர்க்கையைச் சொன்னன. இதில் எவ்வளவு, அதில் எவ்வளவு என்பது எந்தக் கொள்கை வந்தாலும் அப்படியே நிற்கும். ஜெபர்சன் இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிட்டார்.

ஆனால் ஒரு சிக்கல். அந்தச் சொல்லை அப்படியே எடுத்துக்கொண்ட மொழிகளில்தான் அர்த்தம் செத்தது. அர்த்தத்தைப் பெயர்த்துக்கொண்ட மொழிகளில் தப்பு உயிரோடு இருக்கிறது. ஜெர்மனில் ஆக்சிஜனுக்கு 'சவர்ஷ்டோஃப்', புளிப்புப் பொருள். ரஷ்ய மொழியில் 'கிஸ்லரோத்', அமிலம் பிறப்பிப்பது. ஜப்பானில் 19-ஆம் நூற்றாண்டில் டச்சுப் புத்தகங்களைப் பார்த்து வேதியியல் எழுதிய உதகாவா யோவான் என்பவர் வழியாக வந்த சொல் 'சான்சோ', அதுவும் அமிலத் தனிமம். தூரம் போக வேண்டாம். பக்கத்து வீட்டுக் கன்னடத்தில் 'ஆம்லஜனக', தெலுங்கில் 'ஆம்லஜனி', வங்காளியில் 'அம்லஜான்'. பாரிஸில் லவாய்சியர் செய்த பிழை, 1810-இல் லண்டனில் திருத்திய பிழை, பெங்களூரில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வாயில் இன்னும் வருகிறது. அவர்களுக்கு அமிலம் என்ற பொருள் காதில் விழவும் விழும். தமிழில் பிராணவாயு, உயிர்வளி என்று வேறு வழியில் போனதால் இந்தக் குழியில் விழவில்லை. அதில் வேறு குறை உண்டு, பிறகு சொல்கிறேன்.

டேவியின் பாடத்தை அவரைவிட நன்றாகப் படித்தவர் அவர் உதவியாளர் மைக்கேல் ஃபாரடே. புத்தகம் பைண்டு செய்யும் கடையில் வேலை பழகிய பையன், 1813-இல் டேவியிடம் சேர்ந்தவர். பள்ளிப் படிப்பு சொற்பம், கிரேக்கம் தெரியாது. 1833 வாக்கில் அவர் மின்சாரத்தால் உப்புக் கரைசல்களைப் பிரித்துக்கொண்டிருந்தார். பாட்டரியிலிருந்து வரும் இரண்டு கம்பி முனைகளுக்கும் அப்போது 'துருவம்' என்று பெயர். காந்தத்தின் துருவம் மாதிரி அந்த முனைகள் பொருள்களை இழுக்கின்றன, அதனால்தான் உப்பு பிரிகிறது என்பது எல்லோருடைய நினைப்பும்.

ஃபாரடே ஒரு வேலை செய்தார். மஞ்சள் தோய்த்த காகிதத்தை (ஆமாம், நம் சமையல் மஞ்சள்தான், காரம் பட்டால் சிவந்து பழுப்பாகும், சுண்ணாம்பு கலந்து ஆரத்தி கரைத்தவர்களுக்குத் தெரியும்) உப்புக் கரைசலில் நனைத்தார். உலோக முனை காகிதத்தைத் தொடவே இல்லை, நடுவில் காற்று. காற்று வழியாக மின்சாரம் பாய்ந்தது, மஞ்சள் நிறம் மாறியது. உப்பு பிரிந்துவிட்டது. இழுப்பதற்குத் துருவமே இல்லாத இடத்தில் உப்பு பிரிகிறது என்றால், 'துருவம்' என்ற சொல்லே பொய் சொல்கிறது. அது வெறும் வாசல். மின்சாரம் உள்ளே வரும் வாசல் ஒன்று, வெளியே போகும் வாசல் ஒன்று.

பழைய சொல்லை வைத்துக்கொண்டு எழுதினால் வாசிக்கிறவன் மனதில் பழைய கொள்கைதான் ஓடும். ஆகவே புதுச் சொல் வேண்டும். தெரிந்த வைத்தியர் ஒருவரிடம் கேட்டு, 'ஐசோடு', 'எக்ஸோடு' என்று உள்வழி, வெளிவழி என்ற பொருளில் வைத்துப் பார்த்தார். திருப்தி இல்லை. 1834 ஏப்ரலில் கேம்பிரிட்ஜில் இருந்த வில்லியம் ஹியூவெலுக்கு எழுதினார். ஹியூவெல் தச்சு மேஸ்திரியின் மகன், கனிமவியல் முதல் கடல் ஓதம் வரை தொடாத துறை இல்லை, கிரேக்கம் தண்ணீர் பட்ட பாடு.

ஃபாரடேயின் கவலை என்ன என்று கவனிக்க வேண்டும். உள்வழி, வெளிவழி என்று பெயர் வைத்தால், மின்சாரம் எந்தப் பக்கம் பாய்கிறது என்று முடிவு செய்துவிட்டதாக ஆகும். அது யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது. நாளைக்கு எதிர்ப்பக்கம் பாய்கிறது என்று தெரிந்தால் உள்வழி வெளிவழியாகிவிடும். பூமியின் காந்தத்தைச் சுற்றி ஓடும் மின்னோட்டத்தால் வருவதாகக் கற்பனை செய்துகொண்டால், அந்த ஓட்டம் கிழக்கிலிருந்து மேற்காக, சூரியன் போகும் திசையில் இருக்கும். கரைசலை அதே திசையில் வைத்ததாக நினைத்துக்கொண்டால் கிழக்கே ஒரு வாசல், மேற்கே ஒரு வாசல். இது எந்தக் கொள்கையையும் சாராத, வெறும் ஞாபக அடையாளம். ஹியூவெல் மறுநாளே பதில் போட்டார். கிழக்கில் சூரியன் ஏறுகிறது, ஆகவே 'ஏறுவழி', ஆனோடு. மேற்கில் இறங்குகிறது, ஆகவே 'இறங்குவழி', கேத்தோடு. கரைசலுக்குள் நகர்ந்து போகும் துகளுக்கு 'போவது' என்ற பொருளில் அயான். (தமிழில் அயனி. உத்தராயணத்தில் வரும் அயனமும் போவது என்ற பொருள்தான், கிரேக்கச் சொல்லுக்கு வேர்வழியில் சொந்தம். இவ்வளவு பொருத்தமாக ஒரு கலைச்சொல் அமைவது அபூர்வம்.)

சொற்கள் வெளிவந்ததும் லண்டன் நண்பர்கள் விடவில்லை. காரசாரமான ஆட்சேபணைகள். கழுதையை ஓட்டிக்கொண்டு சந்தைக்குப் போன அப்பன் மகன் கதை தெரியுமல்லவா, எல்லோரையும் திருப்திப்படுத்தப் போய் அவதிப்பட்டவர்கள்? தன் நிலை அப்படி ஆகிவிட்டது என்று மே மாதம் ஃபாரடே ஹியூவெலுக்கு எழுதுகிறார். ஆனால் உங்கள் பெயரைக் கேடயமாகத் தூக்கிப் பிடித்தேன், ஆட்சேபணைக் குரல்கள் உருகிப் போனதைப் பார்க்க அதிசயமாக இருந்தது என்கிறார். பாவம், எத்தனை நேர்மையான கடிதம்! ஒரு புதுச் சொல் நிலைப்பதில் அதன் தகுதிக்கு எவ்வளவு பங்கு, சொன்னவர் யார் என்பதற்கு எவ்வளவு பங்கு என்று இதைவிட வெளிப்படையாக ஒரு விஞ்ஞானி சொன்னதில்லை.

இதே ஃபாரடேக்கு 'பிசிசிஸ்ட்' என்ற சொல் பிடிக்கவில்லை என்பது தனிக்கதை. அதையும் செய்தவர் ஹியூவெல்தான். ஒரே சொல்லில் இத்தனை தடவை ஒரே சத்தமா, வாயிலும் நுழையவில்லை, காதிலும் நுழையவில்லை என்று அவருக்கே எழுதிவிட்டார். 'சயன்டிஸ்ட்' என்ற சொல்லும் ஹியூவெல் செய்து 1834-இல் அச்சில் வந்ததுதான். அறுபது வருடம் கழித்தும் டி.எச். ஹக்ஸ்லி, 'எலக்ட்ரோக்யூஷன்' எப்படி இனிமையோ அப்படித்தான் இதுவும் என்று கிண்டல் செய்துகொண்டிருந்தார். தான் பெற்ற பிள்ளை என்றால் ஆனோடும் அழகு, அடுத்தவன் பிள்ளை என்றால் எல்லாமே ஜார்கன்.

ஃபாரடேயின் ஜாக்கிரதை 1897-இல் பலன் கொடுத்தது. ஜே.ஜே. தாம்சன் எலக்ட்ரானைக் கண்டார். கம்பியில் ஓடுவது எதிர்மின் துகள், நாம் வழக்கமாகக் குறிக்கும் மின்னோட்டத்துக்கு நேர் எதிர்த்திசையில் ஓடுகிறது. ஃபாரடே பயந்தது அப்படியே நடந்தது. 'உள்வழி', 'வெளிவழி' என்று வைத்திருந்தால் குழப்பம்தான். ஆனோடும் கேத்தோடும் கொஞ்சமும் அசையவில்லை.

இனி நம் பக்கம். மேலைநாட்டு அறிவியலைத் தமிழில் எழுதும் முயற்சி 19-ஆம் நூற்றாண்டிலேயே யாழ்ப்பாணத்தில் ஆரம்பித்துவிட்டது. மானிப்பாயில் இருந்த அமெரிக்க மிஷன் டாக்டர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் தமிழிலேயே மருத்துவம் சொல்லிக்கொடுத்து டாக்டர்களை உருவாக்கியவர். 1873-இல் ஊர் திரும்பியவர், 1884-இல் காலமானார். அவர் முயற்சியில் வந்த வேதியியல் புத்தகத்தின் பெயர் 'கெமிஸ்தம்'. கேட்டால் இன்று சிரிப்பு வரும். ஆனால் ஒலியை எடுத்துத் தமிழ் விகுதி போட்டிருக்கிறார் என்பதைக் கவனிக்க வேண்டும், லவாய்சியர் செய்த வேலைதான்.

உயிர்வளியில் குறை உண்டு என்றேனே, அது இதுதான். தனியாக நிற்கும்போது அருமையான சொல், தப்பான அமிலமும் அதில் இல்லை. ஆனால் அதற்கு விகுதி ஒட்டாது. ஆக்சிஜன், ஆக்சைடு, டையாக்சைடு, பெராக்சைடு, ஆக்சிஜனேற்றம் என்று ஒரு குடும்பமே ஓடுகிறது. உயிர்வளிக்குப் பிள்ளைகள் இல்லை. அதனால்தான் பாடப்புத்தகம் ஒரு பத்தி உயிர்வளி என்று எழுதிவிட்டு அடுத்த பத்தியில் ஆக்சைடுக்குத் தாவிவிடுகிறது. படிக்கிறவனுக்கு இரண்டும் ஒரே வீட்டுச் சொற்கள் என்று தெரிய வழியில்லை. மயில்துத்தம், அன்னபேதி கதைதான் மறுபடியும்.

இதைவிடத் தொல்லை ஆனோடுக்கு நாம் வைத்த பெயர். தமிழ்நாட்டுப் பாடநூல்களில் ஆனோடு 'நேர்மின்வாய்', கேத்தோடு 'எதிர்மின்வாய்'. எவ்வளவு எளிமை, பார்த்தவுடன் புரிகிறது! மின்னாற்பகுப்புப் பாடத்தில் சரியாகவும் இருக்கிறது, ஏனென்றால் அங்கே ஆனோடு பாட்டரியின் நேர்முனையோடுதான் இணைந்திருக்கும். அடுத்த பாடம் மின்கலம். அங்கே மின்சாரத்தை வெளியிலிருந்து தரவில்லை, கலமே உண்டாக்குகிறது. அதில் ஆனோடு எதிர்முனை. டார்ச் லைட் செல்லின் வெளிக்குவளையான துத்தநாகம்தான் ஆனோடு, அதன் அடிப்பக்கம் கழித்தல் குறி போட்டிருக்கும். ஆக, தமிழில் சொன்னால் நேர்மின்வாய் எதிர்மின்சுமை உடையது! தமிழ்வழியில் படித்த எல்லோரும் இந்த வாக்கியத்தில் ஒரு நாளாவது முட்டிக்கொண்டிருப்பார்கள். தனக்குத்தான் புரியவில்லை என்று நினைத்து மனப்பாடம் செய்துவிட்டுப் போயிருப்பார்கள்.

புரியாதது அவர்கள் குற்றம் இல்லை. ஃபாரடே இந்தச் சொற்களை வரையறுத்தது கூட்டல் கழித்தலை வைத்து இல்லை, மின்னோட்டம் கரைசலுக்குள் நுழையும் இடம், வெளியேறும் இடம் என்பதை வைத்து. அந்தக் கணக்கில் இரண்டு பாடத்திலும் ஆனோடு ஆனோடுதான், ஆக்சிஜனேற்றம் நடக்கும் இடம்தான். எந்தக் கருத்தும் ஒட்டாமல் இருக்கட்டும் என்று லண்டனும் கேம்பிரிட்ஜும் கடிதம் போட்டுப் பார்த்துப் பார்த்துச் செய்த சொல்லுக்குள், எளிமைப்படுத்துகிறோம் என்று நாம் ஒரு கூட்டல் குறியைத் திணித்துவிட்டோம்.

எல்லாவற்றையும் மொழிபெயர்க்கக் கூடாது என்று சொல்ல வரவில்லை. கரைந்து மின்சாரத்தால் பிரியும் பொருளுக்கு 'மின்பகுளி' என்று வைத்தார்களே, அது மூலச் சொல்லைவிட நன்றாக இருக்கிறது. நடப்பதை மட்டும் சொல்கிறது, ஏன் நடக்கிறது என்று சொல்லவில்லை. டேவியின் பச்சை நிறம் மாதிரி. நேர்மின்வாய் அப்படி இல்லை.

இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களில் அனோட்டு, கதோட்டு, ஒட்சிசன் என்று எழுதுகிறார்கள். தமிழ்நாட்டுக்காரர்கள் முதல் தடவை பார்த்தால் சிரிப்பார்கள், கரடுமுரடு என்பார்கள். ஆனால் யாழ்ப்பாணத்தில் படிக்கும் பையன் டார்ச் செல்லை உடைத்து, கழித்தல் குறி போட்ட துத்தநாகக் குவளையைக் கையில் எடுத்து, இதுதான் அனோட்டு என்று தயங்காமல் சொல்லலாம். இங்கே அதே குவளையைக் கையில் வைத்துக்கொண்டு நேர்மின்வாய் என்று சொல்ல ஒரு நிமிடம் யோசிக்க வேண்டியிருக்கிறது.